ஜெயந்தன் நம்பூதிரியை உயர்த்தியது யார், கைவிட்டது யார்?

வேளிமலை எழுதியது:

போர் நடத்தாமல், துறைமுகம் கட்டாமல், ஆண்டுக்கணக்கில் கச்சேரியில் உட்கார்ந்து கணக்கு எழுதாமல், அரசரின் பிரியம் ஒன்றை மட்டும் கைப்பிடித்து ஒருவர் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குத் திருவிதாங்கூர் வரலாற்றில் ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரியே தெளிவான சான்று. அவரது கதையை இங்கே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் யாரைத் தள்ளிவிட்டு மேலே வந்தாரோ அந்த ராஜா கேசவதாஸ், பழைய விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்தவர். ஜெயந்தனைக் கீழே இழுத்துப் போட்ட வேலுத்தம்பியோ தலக்குளத்துக்காரர். திருவனந்தபுரத்து அரண்மனையில் நடந்த சங்கதி என்றாலும் அதன் இரண்டு முனைகளும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில்தான் நிற்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பேச்சில் வேலுத்தம்பி மட்டுமே மிஞ்சியிருக்கிறார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா நாற்பது ஆண்டு ஆண்டு, 1798 பிப்ரவரியில் மறைந்தார். அவருக்குப்பின் அவிட்டம் திருநாள் பாலராமவர்மா பட்டமேறியபோது வயது பதினாறு. முந்தைய அரசரின் திவானாக இருந்து, ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கி, திப்புவின் படையெடுப்புக் காலத்தில் நாட்டைத் தாங்கிப் பிடித்து, கவர்னர் ஜெனரலிடமிருந்து ராஜா பட்டமும் பெற்றிருந்த கேசவதாஸ், அந்த இளம் அரசருக்குக் கண்டிப்பான பெரியவராகத் தெரிந்திருக்க வேண்டும். கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஜெயந்தன் நம்பூதிரி அந்த இடைவெளியில் நுழைந்தார். அரசரின் காதுக்கு அருகில் அவர் அமர்ந்த சில மாதங்களிலேயே கேசவதாஸ் பதவி பறிக்கப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1799 ஏப்ரலில், கொல்லம் ஆண்டு 974 மேடத்தில், இறந்தும் போனார். நஞ்சு கொடுக்கப்பட்டது என்றே அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

அதன்பின் ஜெயந்தன் சர்வாதிகாரியக்காரர், அதாவது நாட்டின் தலைமை அமைச்சர், ஆனார். வலிய மேலெழுத்து என்ற கணக்குப் பொறுப்பைச் சங்கரநாராயணன் செட்டியும், வணிகப் பொறுப்பைத் தச்சில் மாத்துத் தரகனும் ஏற்றார்கள். ஊர் ஊராகச் செல்வந்தர்களின் பட்டியல் தயாரிக்கப்பட்டது. வட்டார அதிகாரிகளான காரியக்காரர்களும் நிலக்கிழார்களும் தலைநகருக்கு அழைக்கப்பட்டு, இன்ன தொகையை இத்தனை நாளுக்குள் கட்டு என்று நெருக்கப்பட்டார்கள். கட்டாதவர்களுக்குக் காவலும் சவுக்கும் காத்திருந்தன. மாவேலிக்கரையில் காரியக்காரராயிருந்த வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்ற வேலுத்தம்பிக்கும் அப்படி ஓர் ஆணை வந்தது. மூன்று நாள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு அவர் நேரே தெற்கே வந்து, நாஞ்சில் நாட்டிலிருந்தும் கல்குளம், இரணியல் பக்கத்திலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் அமர்ந்தார். அரசர் இறங்கி வந்தார். ஜெயந்தன் நாடு கடத்தப்பட்டார். செட்டியும் தரகனும் பொது இடத்தில் சவுக்கடி பெற்றுக் காதுகளை இழந்தார்கள்.

பாலராமவர்மாவின் இளமையும் ஜெயந்தனின் பேராசையும் சேர்ந்து விளைத்த கேடு என்று இதை எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு கூட்டம் கோட்டை வாசலுக்கு வந்தவுடன், நேற்றுவரை பிரியத்துக்குரியவராய் இருந்த ஒருவரை அரசர் ஏன் இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட்டார்? நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

நாஞ்சில் கணக்கன் எழுதியது:

வேளிமலை அண்ணாச்சி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அரசரின் மனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கஜானாவைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1789 இறுதியில் திருவிதாங்கூரின் வடஎல்லைக் காப்பான நெடுங்கோட்டையைத் திப்பு தாக்கினார். அந்தப் போர்ச் செலவே நாட்டின் கையிருப்பைப் பெரிதும் கரைத்தது. 1795 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மூன்று பட்டாளம் சிப்பாய்களையும் அவர்களோடு பீரங்கிப் படையையும் வைத்திருக்க ஆகும் செலவைத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அமைதிக் காலம், போர்க் காலம் என்ற வேறுபாடு இதில் கிடையாது. நல்ல மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. நாட்டின் பெரிய வருமானமான மிளகும் ஏற்கெனவே கும்பினியின் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தது. இந்த நிலையில் தர்மராஜாவின் காலத்திலேயே திணறிக்கொண்டிருந்த பொக்கிஷத்தை ஏற்றுக்கொண்ட எவருமே, அவர் நம்பூதிரியாக இருந்தாலும் பிள்ளையாக இருந்தாலும், யாருடைய மடியையாவது அவிழ்க்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.

ஜெயந்தன் செய்த தவறு வசூலித்தது அல்ல, யாரிடம் வசூலித்தார் என்பதே. குடியானவனிடமிருந்து பத்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பிடுங்கியிருந்தால் வரலாறு அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்காது. அவர் காரியக்காரர்களிடமும் தறவாட்டுக்காரர்களிடமும் ஒரே தவணையில் கேட்டார். ஆயுதம் எடுக்கக் கூடியவர்கள், ஆட்களைக் கூட்டக் கூடியவர்கள், ஓலை எழுதத் தெரிந்தவர்கள் அனைவரையும் ஒரே மாதத்தில் பகைத்துக்கொண்டார். போதாததற்கு உப்பின் மேலும் வரி. தாமரைக்குளத்திலும் புத்தளத்திலும் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, உப்பு விலை ஏறினால் எந்தெந்த வீட்டில் அடுப்படி முணுமுணுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் பெரிய வீட்டுக்காரர்களின் கோபத்தோடு எளியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வேலுத்தம்பி மாவேலிக்கரையிலிருந்து ஏன் தெற்கே வந்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். பிறந்த ஊர் என்பது ஒரு காரணம்தான். அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் கவிமணி தேடி எடுத்து வெளியிட்டதை இங்கே பலர் அறிவீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, முறையற்ற வரியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்ததை அந்த ஓலைகள் காட்டுகின்றன. அரசனுக்கு எதிராகக் கூடுவது இங்கே புதிய பழக்கமல்ல. பிடாகைகள் என்ற ஊர்ப் பிரிவுகளுக்கு ஆள் அனுப்பினால் ஊர் கூடும் என்ற ஏற்பாடு முன்னமே இருந்தது. வேலுத்தம்பி அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

குளச்சல் வாசகி எழுதியது:

கணக்கன் அண்ணன் கஜானாவைத் திறந்து காட்டியது சரிதான். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு ஜெயந்தன் மேல் இரக்கம் கொள்ள என்னால் முடியவில்லை. கேசவதாஸின் சாவுக்குக் கஜானா பொறுப்பல்லவே.

எனக்கு வேறொரு கோணம் தோன்றுகிறது. அரசரை எதிர்த்து நின்ற பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை மார்த்தாண்டவர்மா ஒழித்தபிறகு, திருவிதாங்கூரில் அரசரின் விருப்பத்துக்குப் புறம்பாக எவரும் உயர வழியில்லாமல் போயிற்று. அந்த வகையில் பார்த்தால் அவருடைய தலைமை அமைச்சரான ராமய்யன் தளவாயும் அரசரின் பிரியத்தால் வந்தவர்தான். வள்ளியூரை அடுத்த ஏர்வாடியைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் எளிய பணியாளாக நுழைந்து, ஒருநாள் மங்கிப்போன விளக்கை அவர் தூண்டிய விதத்தைக் கண்டே அரசர் அவரைக் கவனித்தார் என்று ஒரு கதை உண்டு. கேசவதாஸைப் பற்றியும் அதேபோல ஒரு கதை வழங்குகிறது. காலையில் கண்விழித்த தர்மராஜா முதலில் இந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அபசகுனம் என்று அவனைப் பிடித்து அடைக்கச் சொன்னாராம். அன்றே நல்ல செய்தி வந்து சேர, வரவழைத்து வேலை கொடுத்தாராம். இந்தக் கதைகள் உண்மையோ பொய்யோ, அன்றைய மக்கள் ஒருவரின் உயர்வை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அவை சொல்லிவிடுகின்றன. அரசரின் கண் படுவதே முதல் படி.

உதயகிரிக் கோட்டைக்குள் சமாதி கொண்டிருக்கும் டிலனாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1741 இல் எங்கள் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கும்பினிப் படைக்காரர் அவர். மொழியும் மதமும் வேறு. ஜெயந்தனைவிட அந்நியர். ஆனால் வலிய கப்பித்தான் என்ற படைத்தலைவராக உயர்ந்து 1777 இல் இறக்கும்வரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் அரசருக்குப் படையைப் பழக்கிக் கொடுத்தார், கோட்டைகளைக் கட்டிக் கொடுத்தார். ராமய்யன் நாடுகளை வென்று கொடுத்தார். கேசவதாஸ் துறைமுகத்தைக் கொடுத்தார். ஜெயந்தன் என்ன கொடுத்தார்? பணம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். அரசரை மட்டுமே நம்பி நின்ற அவருக்கு நாட்டுக்குள் ஒரு படைப்பிரிவோ ஓர் ஊரோ ஒரு குடும்பமோ துணையாக இல்லை. அப்படிப்பட்டவரைக் கொடுத்துவிடுவதில் அரசருக்கு இழப்பே கிடையாது. வேளிமலை அண்ணனின் கேள்விக்கு என் விடை இதுதான்.

மாத்துத் தரகனின் கதை வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மரமும் கப்பலும் வைத்து வணிகம் செய்தவர், கும்பினியோடு நேரடித் தொடர்பு உள்ளவர். காதை இழந்தார், ஆனால் அழிந்துபோகவில்லை.

கோதையாறு எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனாலும் இந்த விவாத இழை போகும் போக்கில், பின்னால் தளவாயான வேலுத்தம்பியின் பங்கு குறைந்துகொண்டே வருவதாக எனக்குப் படுகிறது. கஜானா காலி, கூட்டம் கூடும் பழக்கம் பழையது, ஜெயந்தனுக்கு வேர் இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டால் வேலுத்தம்பி செய்தது என்ன? அரசரின் ஆணையை மறுத்தால் தலை போகும் என்று தெரிந்தும் முதல் அடி எடுத்து வைத்தவர் அவர். மற்றக் காரியக்காரர்கள் அத்தனை பேரும் நகையை விற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்கள் அல்லது சவுக்கடி பட்டுக்கொண்டிருந்தார்கள்.

காதை அறுத்த தண்டனையை இன்றைய கண்ணால் பார்த்துக் கொடுமை என்று யாராவது எழுதப் போகிறீர்கள் என்பதும் தெரியும். அந்தக் காலத்து நீதி அப்படித்தான் இருந்தது. நிலக் கணக்கில் மோசடி நடந்தபோது தம் சொந்தத் தாயின் விரல்களையே வெட்டச் சொன்னார் என்று எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது கதையாகவே இருக்கட்டும், வேறு எந்தத் திவானைப் பற்றி அப்படியொரு கதை உண்டாயிற்று?

வேளிமலை எழுதியது:

கோதையாறு தம்பிக்கு: தளவாயின் துணிவை யாரும் மறுக்கவில்லை. அவரைத் தனியாக வைத்து வணங்குவதை விட்டு, வரிசையில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். வரிசை என்று நான் சொல்வது இதுதான். பாலராமவர்மா 1798 முதல் 1810 வரை பன்னிரண்டு ஆண்டு ஆண்டார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள் கேசவதாஸைக் கைவிட்டார், ஜெயந்தனைக் கைவிட்டார், கடைசியில் வேலுத்தம்பியையும் கைவிட்டார். முதலாமவர் தொண்டு செய்த மூத்தவர், இரண்டாமவர் அரசரின் பிரியத்தால் வந்த வேற்றூரார், மூன்றாமவர் படைதிரட்டித் தம் இடத்தைத் தாமே பறித்துக்கொண்டவர். மூவரும் மூன்று வகை மனிதர்கள். முடிவு மட்டும் ஒரே வகை.

ஆகவே வாசகி சொன்ன விடை ஜெயந்தனுக்குப் பொருந்துகிறது, ஆனால் வேலுத்தம்பிக்குப் பொருந்தவில்லை. அவருக்குக் குடும்பம் இருந்தது, ஊர் இருந்தது, நாடு முழுவதும் பெயர் இருந்தது. இருந்தும் 1809 இல் அவரைப் பிடித்துக் கொடுக்க அவருடைய அரசரே ஆள் அனுப்ப வேண்டிய நிலை வந்தது.

பறளியாறு எழுதியது:

சில நாட்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வேளிமலை ஐயா வரிசை என்று சொன்னதும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் அந்த வரிசையில் 1804 விடுபட்டுப் போயிருக்கிறது.

முதலில் இடையில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெயந்தன் போனபின் ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை சர்வாதிகாரியக்காரராகவும், வேலுத்தம்பி முளகுமடிசீலை என்ற வணிகப் பொறுப்பிலும் அமர்ந்தார்கள். ஐயப்பன் செண்பகராமன் பதினான்கு மாதங்களில் இறந்துபோக, சிறிது காலத்துக்குள் வேலுத்தம்பியே தளவாய் ஆனார். உடனே அவருக்கு எதிராகவும் அரண்மனைக்குள் ஓர் அணி திரண்டது. குஞ்சுநீலம் பிள்ளை முதலியோர் அரசரிடம் கையெழுத்து வாங்கி, அவரைப் பிடித்துக் கொல்லவே ஆணை பிறப்பித்தார்கள். ஜெயந்தன் கேசவதாஸுக்குச் செய்ததையே இவர்கள் வேலுத்தம்பிக்குச் செய்யப் பார்த்தார்கள் என்பது வெளிப்படை. வேலுத்தம்பி என்ன செய்தார்? இந்தமுறை நாஞ்சில் நாட்டுக்கு வரவில்லை. கொச்சிக்குப் போய், கும்பினியின் அரசியல் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயைப் பார்த்தார். கும்பினிச் சிப்பாய்களோடு திரும்பினார். குஞ்சுநீலம் பிள்ளையின் அணி ஒடுங்கியது.

1804 இல் இன்னும் பெரிய கலகம் வந்தது. செலவைக் குறைப்பதற்காக நாயர் படையின் படித்தொகையைத் தளவாய் குறைத்தார். படையினர் ஆயிரக்கணக்கில் கூடித் தலைநகரை நோக்கி வந்து, தளவாயை நீக்க வேண்டும் என்று அரசரைக் கேட்டார்கள். ஐந்தே ஆண்டுக்கு முன் வேலுத்தம்பி கோட்டை வாசலில் நின்று கேட்ட அதே கோரிக்கை, அதே முறை. ஆனால் முடிவு வேறு. தளவாய் மறுபடியும் கொச்சிக்குப் போனார், கும்பினிப் படையோடு வந்தார், கலகம் அடங்கியது, தலைவர்கள் கடுமையாகக் கொல்லப்பட்டார்கள்.

1799 க்கும் 1804 க்கும் இடையே மாறியது என்ன? அரசர் அதே அரசர். திரண்ட கூட்டம் 1804 இல்தான் பெரிது, ஆயுதப் பயிற்சி உள்ளதும் அதுவே. ஜெயந்தனுக்குப் பின்னால் கும்பினியின் துப்பாக்கி இல்லை, வேலுத்தம்பிக்குப் பின்னால் இருந்தது. பாலராமவர்மாவின் பிரியம் எவரையும் காப்பாற்றவில்லை, அவருடைய வெறுப்பு எவரையும் முழுமையாக அழிக்கவும் இல்லை. 1795 உடன்படிக்கைக்குப் பின்னர் அந்த அரண்மனையில் யார் நிற்பார், யார் விழுவார் என்பதைத் தீர்மானித்த இடம் அரண்மனைக்கு வெளியே போய்விட்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் பழைய முறையில் அரசரின் காதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர் ஜெயந்தன். புரிந்துகொண்டு பிழைத்தவர், பின்னர் அதையே எதிர்த்து மாண்டவர் வேலுத்தம்பி.

குளச்சல் வாசகி எழுதியது:

பறளியாறு, நீங்கள் சொல்வது கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் கேசவதாஸை எங்கே வைப்பீர்கள்? கும்பினிக்கு அவரைவிட வேண்டியவர் திருவிதாங்கூரில் எவருமில்லை. 1795 உடன்படிக்கையே அவர் காலத்தில் ஆனது. ராஜா பட்டம் அவர்கள் வழியாக வந்தது. அப்படியிருக்க, நேற்று வந்த ஒரு நம்பூதிரி அவரை வீட்டில் அடைத்து வைக்கவும், அவர் அங்கேயே சாகவும் முடிந்ததே? கும்பினியின் துப்பாக்கிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால், முதலில் விழுந்திருக்க வேண்டியவர் ஜெயந்தன் அல்லவா?

பறளியாறு எழுதியது:

சரியான கேள்வி அக்கா. விடை தேதிகளில் இருக்கிறது. கேசவதாஸ் இறந்தது 1799 ஏப்ரல் 21. அந்த நாளில் கும்பினியின் பெரும்படை முழுவதும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்து நின்றது. கோட்டை விழுந்து திப்பு இறந்தது மே 4. பதின்மூன்று நாள் இடைவெளி. தென்கோடியில் ஒரு திவானுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படக்கூடிய நிலையில் அந்த வாரங்களில் சென்னையிலோ கல்கத்தாவிலோ யாரும் இல்லை. மெக்காலே திருவிதாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்ததும் அதற்குப் பிறகே, 1800 இல். ஜெயந்தனின் ஏற்றம் முழுவதும் அந்த ஆளில்லாத இடைவெளிக்குள்தான் நடந்தது. அவர் அதைக் கணக்குப் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. காலம் அவருக்கு அப்படி வாய்த்தது. ரெசிடெண்ட் வந்தபின் கேசவதாஸின் சாவு மறுபடியும் கிளறப்பட்டது என்பதையும், குஞ்சுநீலம் பிள்ளையின் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாஞ்சில் கணக்கன் எழுதியது:

பறளியாற்றின் தேதிக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதியளவுக்கு மட்டுமே. அந்த ஆளில்லாத இடைவெளி ஜெயந்தனுக்கு வாய்த்ததுபோலவே நாஞ்சில் நாட்டாருக்கும் வாய்த்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை. 1799 இல் கோட்டை வாசலில் கூடியவர்கள் மேல் கும்பினிச் சிப்பாய் வந்து பாயவில்லை. ஆகவேதான் கூட்டத்தின் பலம் பலமாகவே எடைபோடப்பட்டது. திருவிதாங்கூரில் ஊரார் கூடி ஒரு பெரிய அதிகாரியை அவர்களாகவே இறக்கிய கடைசி நிகழ்ச்சி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் திரண்ட கூட்டங்கள் எல்லாம் ரெசிடெண்டின் முகத்தைப் பார்த்தே திரண்டன அல்லது கலைந்தன.

ஆதலால் ஜெயந்தனின் வீழ்ச்சியை அரசரின் கணக்கிலும் கும்பினியின் கணக்கிலும் மட்டும் எழுத வேண்டாம். ஒரு பங்கு நாட்டார் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று. வேலுத்தம்பி தளவாயானபின் அதே கஜானாவைத்தான் ஏற்றார். கடுமையாக வசூலித்தார், எல்லைகளை அளந்தார், கடனை அடைத்தார். 1805 உடன்படிக்கையில் கும்பினிக்குக் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு லட்சமாக ஏறியது. பாக்கி நின்றது. ஜெயந்தன் எந்தப் பள்ளத்தில் விழுந்தாரோ அதே பள்ளத்தின் விளிம்பில் மூன்றே ஆண்டில் வேலுத்தம்பியும் வந்து நின்றார். நடத்தையில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் கேட்டவனும் கேட்ட தொகையும் மாறவில்லை.

குளச்சல் வாசகி எழுதியது:

அந்த விளிம்புக்கு அவரைத் தள்ளியதில் மாத்துத் தரகனுக்கும் பங்கு உண்டு. பறிமுதலான அவருடைய சொத்தைத் திருப்பித் தருவது பற்றி மெக்காலே தலையிட்டது தளவாய்க்கும் ரெசிடெண்டுக்கும் இடையிலான பிணக்கை முற்ற வைத்த காரணங்களுள் ஒன்று. 1799 இல் கோட்டை வாசலில் எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்பது ஆண்டு கழித்தும் முடிந்தபாடில்லை. தரகன் கும்பினிக்கு மரம் கொடுத்தவர் என்று முன்பே சொன்னேன். பறளியாற்றின் வாதத்துக்கு இது வலுச் சேர்க்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

கோதையாறு எழுதியது:

அப்படியானால் 1809 ஐயும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த இழை தளவாயைக் கும்பினியின் ஆளாக விட்டுவிட்டு நின்றுவிடும். 1808 டிசம்பரில் கொச்சியின் முதலமைச்சரான பாலியத்தச்சனோடு சேர்ந்து கொச்சியில் மெக்காலேயின் இருப்பிடத்தைத் தாக்கினார்கள். ரெசிடெண்ட் தப்பிவிட்டார். 1809 ஜனவரியில் குண்டறையில் கும்பினிக்கு எதிராக வேலுத்தம்பி அறைகூவல் விடுத்தார். அதற்கு விடையாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் படையோடு வந்து, பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைப் பிடித்தார். இன்று காற்றாலைகள் நிற்கும் அதே கணவாய்தான். அதன்பின் நாகர்கோவிலுக்கு வழி திறந்துவிட்டது. டிலனாய் புதுப்பித்துக் கட்டிய உதயகிரியும் பக்கத்துப் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றிப் பணிந்தன.

தளவாய் வடக்கே போய் மண்ணடிப் பகவதி கோயிலில் உயிர் விட்டார். அவர் உடலைக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கிக் காட்டினார்கள். தலக்குளத்தில் அவர் வீடு தரைமட்டமாக்கப்பட்டு அங்கே வாழையும் ஆமணக்கும் நடப்பட்டன. நாடு கடத்தப்பட்ட ஜெயந்தனுக்கு உயிராவது மிஞ்சியது. அரசரின் பிரியத்தால் மட்டும் வந்தவரைவிட, நாட்டுக்காக எழுந்தவருக்குத்தான் தண்டனை கொடிது. வேளிமலை ஐயா இருவரையும் ஒரே வரிசையில் வைத்ததை நான் இன்னமும் ஏற்கவில்லை.

வேளிமலை எழுதியது:

ஏற்க வேண்டாம் தம்பி, வரிசை என்பது நிறுத்துப் பார்க்கும் தராசு அல்ல. பறளியாறு சொன்னதையும் கணக்கன் சொன்னதையும் சேர்த்தபின் என் கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் விடையை மட்டும் எழுதுகிறேன். ஜெயந்தனை அரசர் எளிதாகக் கொடுத்ததற்குக் காரணம், அவரைக் காப்பாற்றும் கருவி அரசரிடமே இல்லாமல் போயிருந்தது. சொந்தப் படை படி கிடைக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, வாடகைப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது, கஜானாவில் இரண்டையும் அழைக்கப் பணமில்லை. பதினேழு வயது அரசரிடம் மிஞ்சியிருந்தது ஒரு மனிதரைக் கொடுத்துத் தம் அரியணையைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்றுதான். அதை அவர் பழகிக்கொண்டுவிட்டார். பேராசை, இளமை என்ற விளக்கத்தைவிட இது எனக்கு நிறைவாக இருக்கிறது.

கோதையாறு விட்ட இடத்திலிருந்து இன்னொரு பெயரையும் சொல்லிவிட வேண்டும். 1809 இல் திவானாக அமர்த்தப்பட்டவர் உம்மிணித் தம்பி. வேலுத்தம்பியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. அரசரின் பெயரால் பாலராமபுரத்தை அமைத்து, தமிழ்ப் பகுதியிலிருந்து சாலிய நெசவாளர்களைக் குடியேற்றியவரும் அவர்தான். இன்றும் அங்கே தறி ஓடுகிறது. பாலராமவர்மா 1810 நவம்பரில் இறந்தார். ராணி கௌரி லட்சுமிபாய் பட்டமேறினார். அடுத்த ஆண்டே உம்மிணித் தம்பி நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு இன்னொரு பிள்ளையோ தம்பியோ நம்பூதிரியோ வரவில்லை. ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் அமர்ந்தார். உம்மிணித் தம்பியைப் பற்றித் தனி இழை தொடங்க விரும்புகிறவர்கள் தொடங்கலாம். பாலராமபுரத்து நெசவுக் குடும்பங்களைப் பற்றி வாசகிக்குச் சொல்ல நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.